ஐந்து அட்டை குறைவு

எறும்பு கட்ட வேண்டிய தொகை மூவாயிரத்து நானூற்று இருபது. ஆறு சம்பளத்தில், சம்பளத்துக்கு ஐந்நூற்று எழுபதாகப் பிடிப்பது என்று முடிவாகி, முதல் பிடித்தமும் நடந்துவிட்டது.

எறும்பு என்பது கிடங்கில் விழுந்த பெயர். ஆள் ஒல்லிக்குச்சி. ஆனால் தன்னைப்போல் இரண்டு மடங்கு பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முன்னால் போகிறவனின் காலடியிலேயே காலடி வைத்துப் போவான். பத்தொன்பது வருடம் லாரியில் ஏற்றி இறக்கியதில் முதுகு தேய்ந்ததுதான் மிச்சம். அத்தனை வருடத்தில் அவன் கையிலிருந்து நழுவியது ஒரே ஒரு பெட்டி. அதற்குள் இருந்தது குக்கரும் இல்லை, மின்விசிறியும் இல்லை, ஒரு விளையாட்டு. மூடியில் குளம், மரம், பறவை என்று கண்ணைப் பறிக்கிற மாதிரி வரைந்திருந்தார்கள். மூலை கிழிந்து, உள்ளேயிருந்த அட்டைகள் சிமெண்டுத் தரையெங்கும் சிதறிவிட்டன.

கிடங்கின் சட்டம் ரொம்ப எளிது. அடிபட்ட சரக்கில் ஒன்றும் குறையவில்லை என்றால் அது பாதி விலைக் கவுண்ட்டருக்குப் போய்விடும். தூக்கினவனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு திருகாணி குறைந்தாலும் முழு விலையும் தூக்கினவன் தலையில். குறைச் சரக்கை அவனே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். இந்தப் பெட்டியின் பக்கத்தில் ‘96 அட்டைகள்’ என்று அச்சடித்திருந்தது. சூப்பர்வைசர் மூன்று தடவை எண்ணினார். தொண்ணூற்றொன்று.

“கீழ விழுந்தது எல்லாத்தையும் பொறுக்கிட்டேன் சார்,” என்றான் எறும்பு.

“பொறுக்கினா மீதி அஞ்சு எங்க? என் பாக்கெட்டுலயா இருக்கு?”

இரண்டு நாள் எறும்பு ரேக்குகளுக்கு அடியில் தவழ்ந்தான். ஒட்டடை, செத்த பல்லி, யாரோ தொலைத்த பேனா மூடி எல்லாம் கிடைத்தது. அட்டை மட்டும் கிடைக்கவில்லை. கூட வேலை பார்க்கும், கட்டை என்று எல்லாரும் கூப்பிடும் குள்ளப் பையன் தோளில் தட்டி, “விடுங்கண்ணே, வயசாகுது இல்ல, கண்ணு கொஞ்சம் மங்கியிருக்கும்,” என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். அதுதான் சுருக்கென்று தைத்தது. பணம் போனால் வயிற்றைக் கட்டிச் சமாளிக்கலாம். சரக்கைத் தொலைக்கிற கை என்று பெயர் வாங்கிவிட்டால், உடையும் சரக்கை அப்புறம் அந்தக் கையில் கொடுக்க மாட்டார்கள். முற்றத்தில் மரப்பலகை அடுக்க அனுப்பிவிடுவார்கள்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் வைத்ததும் அவன் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிக்கிறவள் அவள். வாய் மட்டும் மடங்காது.

“மூவாயிரத்து நானூறுக்குப் பொம்மையா? நல்லா இருக்கு. எனக்கு ஒரு செருப்பு வாங்கக் காசில்ல.”

“எந்த அஞ்சு காணோம்னு தெரிஞ்சாத்தான் எங்க தேடறதுன்னு தெரியும். இதை விளையாடத் தெரிஞ்சாத்தான் எது காணோம்னு தெரியும்.”

“யாரு விளையாடப் போறா?”

“நானும் நீயும்தான்.”

அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

எறும்பு எழுத்துக் கூட்டப் படித்ததே நாற்பத்திரண்டு வயதில். கிடங்கில் எல்லாவற்றுக்கும் அச்சடித்த சீட்டு என்று ஆன பிறகு, படிக்கத் தெரியாதவனுக்கு லாரி இல்லை என்றார்கள். சங்கத்து அறையில் ஒரு வருடம் உட்கார்ந்து, பெட்டி லேபிள்களைக் கையில் வைத்துக்கொண்டே படித்தான். இன்றைக்கும் ஒரு வரிக்கு அவனுக்கு ஒரு மூச்சு வேண்டும். விளையாட்டின் விதிப்புத்தகம் பதினாறு பக்கம். எழுத்தோ எள்ளுப் போல.

வேலை விட்டு வந்து, முகம் கழுவி, விரல் வைத்து வரி வரியாகப் படித்தான். பலகையில் நீர், புல், மரம், வானம் என்று நான்கு பட்டை. அட்டைக்கு ஒரு உயிர்: தவளை, ஆமை, தும்பி, மீன்கொத்தி. ஒவ்வொன்றையும் பலகையில் குடியேற்ற விதை கொடுக்க வேண்டும். விதை என்றால் பச்சை, மஞ்சள், பழுப்பு நிறத்தில் சின்ன மரமணிகள். நான்கு பருவம் முடிந்ததும் யாருடைய காட்டுக்கு மதிப்பெண் அதிகமோ அவர்கள் ஜெயித்தவர்கள். இதைப் புரிந்துகொள்ளவே மூன்று நாள் ஆயிற்று.

முதல் ஆட்டம் சிரிப்பாய்ச் சிரித்தது. ஒரு முறைக்குச் செய்ய வேண்டியதை ஆறு வரியாகப் போட்டிருந்தார்கள். எறும்பு கடைசி வரியிலிருந்து மேலே ஏறினான். ஆட்டம் தொடங்குமுன்பே விதையைப் பெட்டியில் திருப்பிப் போடச் சொன்னான். வைக்காத அட்டைக்கு மதிப்பெண் எண்ணச் சொன்னான். இரண்டாவது முறையிலேயே அவள் கையில் ஒரு மணி இல்லை.

“என்னங்க இது, உள்ள போகும்போதே கையில இருக்கறதைப் பிடுங்குற காடு?”

“புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு.”

அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் படிப்பு அரைகுறைதான். ஆனால் எண்களைப் பார்த்ததும் பிடித்துவிட்டாள். “ஒண்ணு மேல இருக்கு, ஆறு கீழ இருக்கு. நீங்க ஆறுலேருந்து வர்றீங்க!”

எறும்பு நாக்கைக் கடித்துக்கொண்டான். லாரிச் சீட்டை அப்படித்தான் படிப்பார்கள். கடைசியாக இறக்க வேண்டிய சரக்குதான் முதலில் லாரிக்குள் போகும். அதனால் ஏற்றுகிறவன் கண் எப்போதும் அடிவரியிலிருந்து மேலே போகும். பட்டியல் என்று எதைக் கண்டாலும் அவன் கண் தானாக அடியில் போய் நின்றுவிடும்.

“இது லாரி இல்லீங்க, குளம்,” என்றாள் அவள். அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மறுபடி முதலிலிருந்து. வேலை முடிந்து வந்தால் இரண்டு பேருக்கும் கண் சொருகும். ஒரு பருவம் முடிவதற்குள் அவள் சுவரில் சாய்ந்து குறட்டை விடுவாள். எறும்பு விடவில்லை. விட்ட இடத்தை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு மறுநாள் அங்கிருந்து தொடர்ந்தான். தவளையை வைத்தால் பக்கத்தில் இருக்கும் பூச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு விதை கிடைக்கும் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. தவளை கண்ணில் பட்டால் விடமாட்டாள்.

“அதை வை. அது என் தவளை.”

“நான் எடுத்தது.”

“பத்து வருஷம் முன்னாடி என் தோட்டை அடகு வச்சீங்களே, அப்ப நான் கேட்டேனா? தவளையைக் கொடுங்க.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் ஒரு குட்டிக் குறி உண்டு. அலை என்றால் நீர், கோடு என்றால் புல், இலை என்றால் மரம், இறகு என்றால் வானம். எறும்பு குறிவாரியாகப் பிரித்துத் தரையில் அடுக்கினான். கிடங்கில் சரக்கு பிரிக்கிற கை, ஐந்தே நிமிடம். நீர் இருபத்திநான்கு. புல் இருபத்திநான்கு. மரம் இருபத்திநான்கு. வானம் பத்தொன்பது.

அவன் வானத்து அட்டைகளைத் தூக்கி அவளிடம் நீட்டினான்.

“பாரு. அஞ்சும் ஒரே ரகம். தரையில கொட்டினது ரகம் பார்த்தா தொலையும்? நாலு ரகத்துலேருந்தும் ஒண்ணு ரெண்டு போயிருக்கணும்.”

“அப்படின்னா?”

“அப்படின்னா நான் தொலைக்கல. ஒண்ணு கம்பெனிக்காரன் போடாம விட்டிருக்கான். இல்லேன்னா வேற எங்கேயோ வச்சிருக்கான்.”

அதுவரை அவர்கள் இரண்டாம் பருவத்தைத் தாண்டியதே இல்லை. அன்று அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் மூன்றாம் பருவத்தை முடித்தார்கள். நான்காவதற்கு வந்து எறும்பு பதின்மூன்றாம் பக்கத்தைத் திருப்பினான். விரல் ஒரு வரியில் நின்றது. இரண்டு தடவை உள்ளுக்குள் படித்துவிட்டு, மூன்றாம் தடவை சத்தமாகப் படித்தான்:

“குளிர் தொடங்கியதும், அடித்தட்டில் ஒட்டியுள்ள தாளை அறுத்து, விருந்தாளிகளை வெளியே அழையுங்கள்.”

இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். மணிகள் வைக்கும் தட்டைத் தூக்கினால், அடியில் பழுப்புத் தாள் ஒட்டி, நடுவில் கம்பெனியின் வட்ட முத்திரை. கட்டைவிரலால் அழுத்தினான். தடிப்பாக இருந்தது. வெறும் அட்டைத் தடிப்பாகவும் இருக்கலாம். அவள் அதற்குள் கத்தரிக்கோலோடு வந்துவிட்டாள். எறும்பு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“வேணாம்.”

“ஏங்க? நம்ம பெட்டிதானே?”

“நம்ம வீட்டுல அறுத்தா, நம்ம வீட்டுல செஞ்சு வச்சதுன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் சத்தியம் பண்ணாலும் எடுபடாது. அவங்க எதிர்லதான் அறுக்கணும்.”

“உள்ள ஒண்ணும் இல்லேன்னா?”

எறும்பு கத்தரிக்கோலை வாங்கி அலமாரிக்கு மேல் போட்டான்.

மறுநாள் கிடங்கில் சூப்பர்வைசர் பதின்மூன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தள்ளினார். “இதுல அட்டைன்னு எங்கய்யா இருக்கு? விருந்தாளின்னு போட்டிருக்கு. அஞ்சுன்னும் இல்ல, ஆறுன்னும் இல்ல. கம்பெனி முத்திரையை நம்ம அறுக்கக் கூடாது. அறுத்து உள்ள ஒண்ணும் இல்லேன்னா அதுக்குத் தனியா எண்ணூறு விழும். தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“போய் வேலையைப் பாரு.”

எறும்பு நகரவில்லை. பத்தொன்பது வருடத்தில் சூப்பர்வைசர் போகச் சொல்லி அவன் போகாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

“சார், மின்விசிறி திரும்பி வந்தா என்ன பண்றோம்?”

“சோதனை மேஜையில வச்சு ஓட்டிப் பாக்கறோம்.”

“சைக்கிள் வந்தா?”

“மிதிச்சுப் பாக்கறோம். என்னய்யா, எனக்கே பரீட்சை வைக்கிறியா?”

“தையல் மிஷினை ஒரு முழம் தைக்காம யாராவது கையெழுத்துப் போடறாங்களா? இந்தப் பெட்டியை மட்டும் யாரு சார் விளையாடிப் பார்த்தா?”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கணக்கு மேடம் தலையைத் தூக்கினார். சட்டப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர் என்று அவரைப் பற்றிக் கிடங்கில் ஒரு பேச்சு உண்டு. “அவர் சொல்றது சரிதானே,” என்றார். “படிவத்துல ‘இயக்கிப் பார்த்தவர்’னு ஒரு கட்டம் இருக்கு. நீங்க அதை நிரப்பாமலே பிடித்தம் போட்டிருக்கீங்க. மாசக் கடைசிவரைக்கும் கோப்பு திறந்துதான் இருக்கும்.”

சூப்பர்வைசர் அவர் பக்கம் திரும்பினார். “மேடம், இதை இயக்குறதுன்னா என்ன, நான் இவனோட உக்காந்து தவளை விளையாடறதா?”

“வேற யாரு கையெழுத்துப் போடறது? நானா?”

அப்படித்தான் மறுநாள் மதிய இடைவேளையில், சோதனை மேஜையில், மின்விசிறிகளுக்கும் இஸ்திரிப் பெட்டிகளுக்கும் நடுவில் பலகை விரிந்தது. இடைவேளை அரைமணி. அரைமணிக்கு ஒரு பருவம் என்று கணக்கு. ஏற்றி இறக்கும் ஆட்கள் சாப்பாட்டு டப்பாவோடு சுற்றி நின்றார்கள்.

எறும்பு விதியைச் சொன்னான். கிடங்கில் அவன் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. சூப்பர்வைசர் மணியை விரலால் தள்ளினார், ஏதோ அருவருப்பான பூச்சியைத் தள்ளுகிற மாதிரி.

“சீக்கிரம் முடி.”

“உங்க முறைதான் சார். நீங்க முடிச்சாத்தான் நான்.”

“நான் எதுவும் பண்ணல. அடுத்தது போ.”

“ஒண்ணும் பண்ணாம விட முடியாது சார். விதை எடுக்கணும், இல்ல அட்டை எடுக்கணும், இல்ல வைக்கணும். விதியை மீறினா சோதனை செல்லாது.”

கட்டை பின்னாலிருந்து, “சார், கொக்கை வைங்க சார், கொக்கு நல்லா இருக்கு,” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் கடுப்பில் கொக்கை வைத்தார். கொக்கு அவருக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்தது. முதல் நாள் பத்தொன்பதுக்குப் பதினொன்று; எறும்பு முன்னால்.

இரண்டாம் நாள் மணி அடிப்பதற்கு முன்பே சூப்பர்வைசர் மேஜையில் இருந்தார். சட்டைப் பையில் ஒரு காகிதம். எந்த உயிருக்கு என்ன விதை என்று வீட்டில் எழுதிப் பார்த்திருந்தார். எறும்பு வைக்க நினைத்திருந்த ஆமையைக் கண்ணெதிரே தூக்கிக்கொண்டார். “என்ன முழிக்கிற? விதிப்படிதானே?” இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு. மூன்றாம் நாள் அவர் நாற்பத்தொன்று, எறும்பு முப்பத்தைந்து. கட்டை சூப்பர்வைசர் பக்கம் சாய்ந்துவிட்டான்.

அன்று எறும்பு வீட்டில் கஞ்சிப் பாத்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தான்.

“தோத்துடுவீங்களா?” என்றாள் அவள்.

“தோத்தா என்ன. ஆட்டம் கடைசிவரைக்கும் போகணும். அதுதான் முக்கியம். அந்த மனுஷன் ஜெயிக்கிற வரைக்கும் எந்திரிச்சுப் போக மாட்டாரு. அது எனக்கு நல்லதுதான்.”

“நாளைக்கு அறுத்து உள்ள ஒண்ணும் இல்லேன்னா? எண்ணூறையும் சேர்த்தா நாலாயிரத்துக்கு மேல போகும்.”

“இல்லேன்னா கட்டுவேன். ஆனா எண்ணாம கட்ட மாட்டேன்.”

நான்காம் நாள் கூட்டம் இரண்டு மடங்கு. ஓட்டுநர்களும் வந்து நின்றார்கள். கணக்கு மேடம் கண்ணாடித் தடுப்பைவிட்டு வெளியே வந்து, படிவத்தோடு மேஜை ஓரத்தில் நின்றார். எறும்பு புத்தகத்தைத் திறந்து, விரல் வைத்து, எழுத்தெழுத்தாய், திக்காமல் பதின்மூன்றாம் பக்கத்து வரியைப் படித்தான். படித்து முடித்து, தட்டைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, பெட்டியை சூப்பர்வைசர் பக்கம் தள்ளினான்.

“இதுக்கு மேல போகணும்னா அறுத்தாகணும் சார். இல்லேன்னா ஆட்டத்தை இப்படியே நிறுத்திடலாம்.”

சூப்பர்வைசர் பலகையைப் பார்த்தார். அவருடைய மரத்தில் மூன்று இடம் காலி. வானப் பட்டை முழுக்கவே காலி. ஆறு மதிப்பெண் முன்னால் நிற்கிற ஆட்டத்தைப் பாதியில் விட யாருக்கு மனம் வரும்? முத்திரையைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார்.

“உங்க கையாலதான் அறுக்கணும்,” என்றார் மேடம். “நான் நேரம் எழுதிக்கறேன்.”

“பிளேடைக் கொடு,” என்றார் சூப்பர்வைசர்.

பிளேடு முத்திரையைச் சுற்றி வட்டமாகப் போயிற்று. எறும்பு இன்னும் கிட்டே குனிந்தான். தாள் எழும்பியது. அடியில் இன்னொரு தாள், வெள்ளை. கட்டை உச்சுக் கொட்டினான். சூப்பர்வைசர் அதையும் நகத்தால் பெயர்த்தார்.

கீழே பள்ளத்தில் வரிசையாகப் படுத்திருந்தன, மூலையில் இறகுக் குறியோடு. ஐந்து. ஒன்றில் நீண்ட கழுத்து வாத்து, ஒன்றில் சிவந்த காலுள்ள ஏதோ ஒரு பறவை.  எறும்பு தொடக்கூட இல்லை.

“எண்ணுங்க சார்,” என்றான். “முழுசா எண்ணுங்க. மூணு தடவை.”

சூப்பர்வைசர் பலகையைக் கலைக்காமல் எண்ணினார்; கையில் இருப்பது, பலகையில் இருப்பது, அட்டைக்கட்டில் மிச்சம் இருப்பது, இப்போது வந்தது. ஒரு தடவைதான் எண்ணினார். தொண்ணூற்றாறு என்று அவர் சொன்ன குரல் எறும்புக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

“சத்தமா சொல்லுங்க சார்,” என்றான் கட்டை, மறுபடி இந்தப் பக்கம் சாய்ந்து.

“தொண்ணூத்தாறுடா! காது செவிடா?” பிறகு எறும்பைப் பார்க்காமல், “எல்லாத்தையும்தான் பொறுக்கியிருக்கான். என் எண்ணிக்கைதான் தப்பு,” என்றார்.

கணக்கு மேடம் படிவத்தை மேஜையிலேயே வைத்து எழுதினார். ‘இயக்கிப் பார்த்தவர்’ கட்டத்தில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டார். “சரக்கு முழுசா இருக்கறதால பெட்டி பாதி விலைக் கவுண்ட்டருக்குப் போகணும்,” என்றார் மேடம். “இனி அது உங்களுது இல்ல.”

எறும்பு இதை யோசித்திருக்கவில்லை. தவளைக்காகச் சண்டை போடுகிறவளிடம் போய் என்ன சொல்வது? ஒரு கணம் பெட்டியின் கிழிந்த மூலையைத் தடவினான். பிறகு கையை எடுத்துக்கொண்டான்.

“எடுத்துக்கங்க மேடம்.”

“இருங்க, இருங்க,” என்றார் சூப்பர்வைசர். “இன்னும் ஒரு பருவம் முழுசா பாக்கி இருக்கு. முடிக்காம எப்படிச் சோதனை ஆகும்? உக்காரு எறும்பு. உன் முறை.”

மணி அடித்தது. யாரும் நகரவில்லை. எறும்பு ஐந்திலிருந்து வாத்தை எடுத்து, நான்கு விதை கொடுத்து, தன் வானத்தில் இறக்கினான். மேடம் நின்றபடியே பேரேட்டைத் திறந்து, அவன் பெயருக்கு எதிரே இருந்த மூவாயிரத்து நானூற்று இருபதின்மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தார். பிடித்திருந்த ஐந்நூற்று எழுபதை எண்ணி, விதைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.